தேயிலைத் தூளில் புதைத்த போன்

உன் போனின் பின்மூடியைத் திறந்தேன். தேயிலை வாசனை வந்தது.

பேட்டரியின் ஓரத்தில், கேமராவைச் சுற்றி, ஒவ்வொரு திருகாணியின் தலையிலும் கறுப்புத் தூள். சிரித்துவிட்டேன். நீ போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. உன் போனுக்குள் ஒரு கோப்பைத் தேத்தண்ணிக்கான தூள் இன்னும் இருக்கிறது.

உன் அம்மாதான், என் பெரியம்மா, கொண்டுவந்து கொடுத்தார். திவசம் வருகிறது. சுவரில் மாட்டுவதற்கு, அடையாள அட்டைக்கு எடுத்த உன் படம் ஒன்றுதான் உண்டு. காது தெரிய வேண்டும், சிரிக்கக் கூடாது என்று அதட்டி எடுத்த படம். அதைப் பெரிதாக்கியதில் நீ வேறு யாரோ ஆகிவிட்டாய்.

"எம் புள்ள மாதிரியே இல்ல" என்றார் பெரியம்மா. "இந்த போனுக்குள்ள அவ இருப்பாளா, பாரு."

எல்லாரையும் எடுத்தவள் நீ. உன்னை எடுக்க ஒருவருக்கும் தோன்றவில்லை. நீ எங்காவது இருந்தால் இதற்குள்தான். நாம் இருவருமே பார்க்காமல் போன அந்தக் கடைசித் தீபாவளிப் படங்களில்.

இரண்டு பேர் கைமாறி ஹட்டனில் உனக்குக் கிடைத்த போன் அது. பறித்த தேயிலைக் கொழுந்தை நிறுக்க நிற்கும் வரிசையிலும் அதன் அமைப்புகளைத் தோண்டிக்கொண்டே நிற்பாய். ஒவ்வொன்றாக மாற்றுவாய், என்ன ஆகிறதென்று பார்ப்பாய், திரும்ப மாற்றுவாய். எனக்கு போன் என்றால் கூப்பிடுவது, கூப்பிட்டால் எடுப்பது.

"கேம்பஸ்ல இதெல்லாம் சொல்லித் தரலையா, மேடம்?"

அந்த 'மேடம்' என்னைச் சுட வேண்டும் என்பதற்காகவே சொல்வாய். சுட்டது.

உன் விரலை மட்டும் அந்த போன் கடைசிவரை ஏற்கவில்லை. கொழுந்துக் கறை, வெடிப்பு, தேய்ந்துபோன ரேகை. பத்து விரலையும் வைத்துப் பார்த்தாய். "இவனுக்கு என்னயத் தெரியலயாம்டி. அப்ப பூட்டு எதுக்கு?" பூட்டையே எடுத்துவிட்டாய். அதனால்தான் எனக்கு நம்பிக்கை இருந்தது. உயிர் வந்தால் போதும், நேராக உள்ளே போய்விடலாம்.

அந்தத் தீபாவளிக்கு முன்பு ஒரு வாரம் உனக்கு வேறு பேச்சே இல்லை.

"இது பத்து செக்கன் கண்ண மூடாமப் பாக்கும். ராக்கெட் போற வழி முழுக்கக் கோடா விழும். ஆனா போன் ஆடக் கூடாது. மூச்சுக்கூட படக் கூடாது."

ஆடாமல் நிறுத்த உனக்குக் கிடைத்தது, கொழுந்து எடுக்கும்போது செடியின் மட்டம் பார்க்க மேலே கிடத்தும் கம்பு. உன்னுடையது, உன் அம்மாவுடையது, பக்கத்து வீட்டுக் காம்பராவில் கேட்டு வாங்கியது. மூன்றையும் சைக்கிள் டியூப் ரப்பரால் கட்டி மைதானத்து ஓரத்தில் ஊன்றினாய்.

"நாளன்னிக்கு மட்டம் பாக்க என்னத்தடி கொண்டு போறது, ஒன் தலையையா?" என்று அம்மா வாசலிலிருந்து கத்தினார்.

"அதுக்குள்ள அவுத்துத் தந்துருவேம்மா. நம்ம கம்பு எல்லாத்தையும் போட்டோல பாக்கலாம்."

"கம்ப எதுக்கு நான் போட்டோல பாக்கணும்?"

இருட்டும் முன்பே மூடுபனி வந்துவிட்டது. முதல் ராக்கெட் அதற்குள் போய் மறைந்தது. ஒரு நொடி ஒன்றும் இல்லை. பிறகு மலை முழுவதும் சிவப்பு. லயத்து வீட்டுக் கூரைகள், தேயிலை, நம் முகங்கள், எல்லாம் சிவப்பு. நீ என் கையைப் பிடித்து நசுக்கினாய். மூன்று நாள் வலித்தது.

பனி விலகியது. கோடுகள் விழ ஆரம்பித்தன. ஒவ்வொரு படமும் திரையில் வரும்வரை நீ ஒற்றைக் காலில் நின்றாய். பச்சைக் கோடு. வளைந்த கோடு. கூரை மேல் சரிந்த கோடு. எனக்கும் பைத்தியம் பிடித்துவிட்டது. "இன்னொன்னு, இன்னொன்னு" என்று நானே கேட்டேன்.

"இப்ப நீ பட்டன அமத்து. நான் முன்னால போறேன்."

கைக்கு ஒன்றாகக் கம்பி மத்தாப்பு. ஓட ஆரம்பித்தாய்.

"ஓரிடத்துல நில்லுடி. ஓடினா நீ படத்துல விழ மாட்ட."

"நான் விழ வேணாம். நெருப்பு விழுந்தாப் போதும்."

அமத்தினேன். திரும்பத் திரும்ப அமத்தினேன். எதையும் பார்க்க நேரமில்லை. திடீரென்று மழை. போனைக் கம்புகளோடு தூக்கிக்கொண்டு ஓடி வந்து தாழ்வாரத்தில் நின்றபோது திரையில் நீலக் கீற்றுகள் ஓடி, அணைந்துவிட்டது.

பிறகு நாம் செய்ததை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. நனைந்த போனை அரிசியில் போடுவார்கள் என்றேன். நீ என்னை ஏளனமாகப் பார்த்தாய்.

"அரிசியா? தூள் டின்ன ரெண்டு நாள் தொறந்து வச்சுப் பாரு, எப்புடி நமத்துப் போவுதுன்னு. தேத்தூள் இழுக்கற ஈரத்த அரிசி இழுக்குமா?"

தேயிலைக் காட்டில் பிறந்த எவரும் மறுக்க முடியாத வாதம். பட்டம் வாங்கிய நானும் தலையாட்டினேன். தேயிலை பெக்டரியில் கொடுத்த தூள், மாவைவிட நைசானது. அதில் மூன்று நாள் புதைத்து வைத்தோம்.

ஹட்டன் கடைக்காரர் அதைத் திறந்து, உள்ளே பார்த்து, நம்மைப் பார்த்தார்.

"தங்கச்சி, இதத் திருத்துறதா, வடிச்சுக் குடிக்கிறதா?"

போர்டு செத்துவிட்டது என்று திருப்பித் தந்தார். பஸ்ஸில் நீ அதை மடியில் வைத்துக்கொண்டே வந்தாய். "சாகல. மூச்சு அடச்சிருக்கு. அவருக்குப் பொறுமயில்ல." எப்படித் திறப்பது என்று படிக்கத் தொடங்கினாய். திருகாணி முனைகள் வாங்கினாய்.

பிறகு நல்ல வெயிலடித்த ஒரு காலையில் நீ கொழுந்து எடுத்த நிரையில் குளவிக்கூடு கலைந்து உன்னை மொய்த்தது. அதற்கு மேல் எழுத மாட்டேன்.

ஞாயிறு மதியம். உன் திருகாணி முனைகள், ஒரு பல் துலக்கும் பிரஷ், ஒரு சிறு போத்தல் ஸ்பிரிட், அதே வகைப் பழைய போன் ஒன்றிலிருந்து எடுத்த பேட்டரி. நனைந்த தூள் பசையாகி இணைப்புகளில் காய்ந்து ஒட்டியிருந்தது. மணிக்கணக்கில் தேய்த்தேன். பேட்டரியை மாற்றினேன். அமத்தினேன்.

ஒன்றுமில்லை.

மறுபடி திறந்தேன். திரையின் இணைப்பைக் கழற்றியபோது, அதன் அடியில் அரை நகமளவு கறுப்புப் பொருக்கு. அதைச் சுரண்டி எடுத்தேன். மாட்டினேன். அமத்தினேன்.

அது அதிர்ந்தது. உள்ளங்கையில், சின்னதாக. பிறகு வெளிச்சம்.

நான் போட்ட சத்தத்தில் பக்கத்து நாய் குரைத்தது. நீ சொன்னது சரிதான், செத்திருக்கவில்லை. பூட்டு இல்லை. நேராக உள்ளே போனேன். கடைசிப் படங்கள். இரண்டு பொன் கோடுகள், ஒன்றை ஒன்று துரத்தி, சுழன்று, மேலேறி. இவ்வளவு அழகாக வரும் என்று நீயே நினைத்திருக்க மாட்டாய்.

நீ இல்லை. எந்தப் படத்திலும் இல்லை. கோடுகளுக்குப் பின்னால் வெறும் இருட்டு. எல்லாவற்றையும் இரண்டு முறை தேடினேன். நெற்றி இல்லை, நிழல்கூட இல்லை.

சொல்ல வேண்டியதை வழியில் ஒத்திகை பார்த்துக்கொண்டு உன் வீட்டுக்குப் போனேன். "பெரியம்மா, போன் வேல செய்யுது. ஆனா அவ மொகம் இல்ல. ஓடிக்கிட்டே இருந்தா, அதனால இந்த நெருப்பு மட்டுந்தான் விழுந்திருக்கு."

அவர் வாங்கிப் பார்த்தார். திரையில் படாமல், கோடுகளின் மேலே விரலை ஓட்டினார். ஒரு படம். அடுத்த படம். மறுபடி முதல் படம்.

"ரெண்டு கையும் ஒண்ணா ஓடல பாரு" என்றார். "எடது கை முந்துது. நெரையில நிக்கையில எத்தன தடவ ஏசியிருப்பேன், எடது கைய அடக்கு, கொழுந்து காம்போட வருதுன்னு. அடங்குனாளா?"

கண்ணைத் துடைத்துக்கொண்டார். சிரித்தார்.

"மொகம் அந்த அட்டையில இருக்கட்டும். இதப் பெருசாப் போட்டுத் தா. யாரும் கேட்டா நான் சொல்லிக்கிறேன், இதுதான் எம் புள்ளன்னு."

பிரேமுக்கு அளவு கொடுத்துவிட்டேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு படத்தையும் மேலே தள்ளினால் அடியில் எண்கள் வருகின்றன. எத்தனை வினாடி கேமராவைத் திறந்துவைத்தாய், எவ்வளவு ஒளி போதும் என்றாய், எத்தனை தூரத்தைப் பார்க்கச் சொன்னாய். ஒவ்வொன்றும் நீ எடுத்த முடிவு. அவற்றை அப்படியே என் போனில் போட்டுவிட்டேன். எங்கே போனாலும் அவற்றோடுதான் போகிறேன். இருட்டுக்கு நீ வைத்த எண்கள்; பகலில் எதை எடுத்தாலும் படம் வெள்ளையாகவே விழுகிறது. மாற்ற மனமில்லை. பொழுது சாயட்டும் என்று நிற்கிறேன்.