முதலில் என்னிடம்

அம்மத்தி, 14 ஜூலை 2002

பூணச்சாவின் அப்பாவுக்கு, தேச்சம்மா வணங்கி எழுதுவது. இக்குத்தப்பன் அருளால் இங்கே எல்லோரும் சுகம். மழை விடவில்லை. மிளகுக் கணக்கை முடித்துவிட்டேன்.

உங்கள் கடிதம் கிடைத்தது. அதில் ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டில் தன்சிங் ஒன்பது இடத்தில் வருகிறார். சிரிக்கிறார், பாடுகிறார். பனிமலைச் சண்டையில் நடந்ததையெல்லாம் அவரிடம் சொன்னீர்களாம். என் பெயர் கடிதத்தின் தலையில் மட்டும் இருக்கிறது. இத்தனை வருஷம் பக்கத்தில் படுத்தவளுக்கு நீங்கள் தந்தது உங்கள் முதுகைத்தான். மகிழ்ச்சி.

கைல்போது ஆயுத பூசைக்கு உங்கள் அண்ணா துப்பாக்கிகளை எடுத்து எண்ணெய் போட ஆரம்பித்துவிட்டார். "தம்பி பட்டாளத்துக்காரன், முதல் தேங்காயைக் குறிவைச்சு அவன்தான் சுடணும்" என்கிறார். வருவீர்கள்தானே?

உங்கள்
தேச்சம்மா

பெங்களூர் ராணுவ மருத்துவமனை, 25 ஜூலை

அன்புள்ள தேச்சம்மா,

உன் கோபம் காகிதத்திலேயே சுடுகிறது. டாக்டர் எங்களை வட்டமாக உட்காரவைத்து, நடந்ததைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லச் சொல்கிறார். தன்சிங்கும் அதையெல்லாம் பார்த்தவர். கேட்டு முகம் மாறமாட்டார். உன் முகம் மாறினால் எனக்குத் தாங்காது. இப்போது சில ராத்திரி முழுசாகத் தூங்குகிறேன்.

கைல்போதுக்கு என்னால் வர முடியாது. இங்கிருந்து தன்சிங்கோடு வடக்கே கட்வால் மலையில் அவருடைய ஊருக்குப் போகலாமென்று இருக்கிறேன்.

குஷாலப்பா

அம்மத்தி, 2 ஆகஸ்டு

போய் வாருங்கள். அங்கே அவர் சமைத்தும் போடுவார்.

பூணச்சா பிறந்த அன்று, ஆண்பிள்ளை பிறந்த வழக்கப்படி, அண்ணா வாசலில் துப்பாக்கி வெடி சுட்டார். நான் குழந்தையை நீட்டினேன். நீங்கள் காப்பித் தோட்டத்துக்குள் ஓடிப்போனீர்கள். பிள்ளை பிடிக்கவில்லை, என்னையும் பிடிக்கவில்லை என்று மனதில் எழுதிக்கொண்டேன். இன்றுவரை அதை அடிக்கவில்லை. அன்று ஏன் ஓடினீர்கள்? அதை மட்டும் எனக்குச் சொல்லிவிட்டு எங்கே வேண்டுமானாலும் போங்கள்.

தேச்சம்மா

பெங்களூர், 11 ஆகஸ்டு

தேச்சம்மா,

அந்த வெடி கேட்டபோது நான் நம் வீட்டில் இல்லை, பனியில் இருந்தேன். பக்கத்தில் என் பட்டாளத்து முத்தண்ணா, குண்டுபட்டுக் கிடந்தான். அவனை மறைத்துக் கவிழ்ந்து படுத்தேன். நினைவு வந்து பார்த்தால் என் நெஞ்சுக்குக் கீழே காப்பிக் கூடை நசுங்கிக் கிடந்தது. கூடையை நசுக்கின கையில் பிள்ளையை எப்படி வாங்குவேன்?

இதை நான் தன்சிங்கிடம் சொன்னதில்லை.

குஷாலப்பா

அம்மத்தி, 19 ஆகஸ்டு

பூணச்சாவின் அப்பாவுக்கு,

உங்கள் கடைசி வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். பிறகு தூக்குவிளக்கை ஏற்றிவிட்டு உங்கள் அண்ணாவிடம் போனேன். கூடையைப் பற்றிச் சொல்லவில்லை, அந்தச் சேதி என்னுடையது. இந்த வருஷம் நம் வாசலில் சுட வேண்டாம் என்று மட்டும் கேட்டேன்.

"சுடாம ஒரு கைல்போதா? ஊரே சிரிக்கும்மா."

"சிரிக்கட்டும் பாவா. சிரிப்புச் சத்தம் அவருக்கு ஒண்ணும் பண்ணாது."

எண்ணெய்த் துணியை மடித்து வைத்தார். பிறகு தோட்டாப் பெட்டியின் சாவியை என் கையில் கொடுத்தார். துப்பாக்கிகள் செங்காந்தள் பூவோடு பூசையறையிலேயே இருக்கும்.

தன்சிங்கையும் அழைத்து வாருங்கள். பன்றிக்கறியும் கடம்புட்டு அரிசி உருண்டையும் செய்கிறேன். அவருக்கு வெளியறையில் படுக்கை போடுகிறேன். ஆனால் சொல்ல ஏதாவது வந்தால் நேரே சமையலறைக்கு வாருங்கள். என் முகம் மாறினால் மாறட்டும். மிச்சத்தை அவர் கேட்டுக்கொள்ளட்டும்.

உங்கள்
தேச்சம்மா