சுவரில் ஏறிய கட்டில்

ஆம்ஸ்டர்டாம்,
2 மார்ச் 1981

என் செல்லத் தங்கை லீஸ்பெத்துக்கு,

உன் அக்கா ரென்ஸ்கே எழுதுவது. உயிரோடுதான் இருக்கிறேன், ஜெயிலிலும் இல்லை. இரண்டையும் மாப்பிள்ளை கெரித்திடம் சொல்லிவிடு. பாவம், ஏமாந்து போவார்.

வீடு மாறிவிட்டேன். மாறினேன் என்றால், பூட்டிக் கிடந்த வீட்டின் பூட்டை உடைத்துக் குடியேறியிருக்கிறோம். முகத்தைச் சுளிக்காதே. இரண்டு வருஷமாகக் காலி. வீட்டுச் சொந்தக்காரர் இடித்து ஓட்டல் கட்டக் காத்திருக்கிறார். இந்த ஊரில் காலி வீட்டுக்குள் ஒரு கட்டில், ஒரு மேஜை, ஒரு நாற்காலி போட்டுவிட்டால் அது குடியிருக்கும் வீடு. அப்புறம் கோர்ட் சொல்லாமல் போலீஸ் கை வைக்க முடியாது. கட்டிலைத் தலையில் சுமந்து வந்தது நான்தான், நாற்பத்தைந்து வயதில்.

கூட இருப்பதெல்லாம் சின்னப் பெண்கள். பச்சை முடிக்காரி யோஸ் நிலவறையில் ஒரு பங்க் பாட்டுக் குழு வைத்திருக்கிறாள். நாலு பேருக்கும் சேர்த்து மூணு ஸ்வரம் தெரியும், அதையும் ஒரே நேரத்தில் வாசிப்பார்கள். "ரென்ஸ்கே அக்கா, எப்படி இருக்கு?" என்றாள். "எங்க மாப்பிள்ளை குறட்டைக்கு இது பரவாயில்லடி" என்றேன். ஊர்வலத்துக்கு அவர்கள் கத்துகிறார்கள், நான் பதாகை வரைகிறேன். அப்படி ஓடுகிறது.

விஷயத்துக்கு வருகிறேன். வீட்டின் பக்கவாட்டில் ஜன்னலே இல்லாத சுவர், மூன்று மாடி உயரம். அதில் நம் ஊர் இறால் கொட்டகையை வரைகிறேன். பன்னிரண்டு பெண்கள் உட்கார்ந்து இறால் உரிக்கிறார்கள். போன வருஷம் இதையே சின்னதாக வரைந்து கண்காட்சிக்குக் கொண்டுபோனேன். தேர்வு செய்ய வந்த ஐந்து ஆண்களில் ஒருவர், "அம்மணி, இது ஓவியமில்ல, மீன் கடை" என்றார். அதனால் மீன் கடையைத் தெருவுக்கே கொண்டுவந்துவிட்டேன்.

நடுவில் இருக்கும் பெரிய முகம் உன்னுடையது. மற்றவர்களுக்கெல்லாம் எழுதி, சம்மதம் வாங்கிவிட்டேன். உன்னிடம் பயந்துகொண்டு கடைசியில் கேட்கிறேன்.

குளிரில் மூக்கு ஒழுக, ஆசையோடு,
ரென்ஸ்கே


ஹார்லிங்கன்,
7 மார்ச் 1981

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நலம். கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி அனுப்பியிருக்கிறேன். பச்சை முடிப் பெண்ணுக்கும் ஒன்று கொடு, அவள் அம்மா எங்கே அழுகிறாளோ.

என் முகம் வேண்டாம் அக்கா. கெரித் திருச்சபையில் மூப்பர். போதகரின் மகன் அந்த ஊரில்தான் படிக்கிறான், ஒரே வாரத்தில் இங்கே தெரிந்துவிடும். நீ புருஷனை விட்டுப் போனபோது ஆறு மாதம் சபையில் என் பக்கத்தில் ஒருத்தி உட்காரவில்லை. நீ கிளம்பிவிட்டாய். நான் இங்கேதான் இருக்கிறேன். அதை நீ கேட்கவே இல்லை, நானும் சொல்லவில்லை.

வரைந்திருந்தால் அழித்துவிடு. கோபமில்லை.

உன் தங்கை,
லீஸ்பெத்


ஆம்ஸ்டர்டாம், சுவரின் மேல்,
19 மார்ச் 1981

என் லீஸ்பெத்துக்கு,

இதை அந்தரத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். சிரிக்காமல் படி.

சாரம் கட்ட எங்களிடம் பலகை இல்லை. அதனால் கட்டிலைக் கூரையிலிருந்து கயிற்றில் வெளிச்சுவரோரமாகத் தொங்கவிட்டு, அதன்மேல் உட்கார நாற்காலியும், சாயம் வைக்க மேஜையும் கட்டினோம். வீட்டிலிருந்த ஒரே கட்டில், ஒரே மேஜை, ஒரே நாற்காலி. இத்தனை புத்திசாலிகளில் ஒருத்திக்கும் உறைக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை சொந்தக்காரரின் ஆள் போலீஸோடு வந்தான். உள்ளே பார்த்தால் மூன்றும் இல்லை. "காலி வீடு" என்று எழுதி, பெண்களை வெளியே தள்ளி, கதவில் ஆணி அடித்துவிட்டார்கள். ஒருத்தரும் அண்ணாந்து பார்க்கவில்லை.

"அய்யா, குடியிருக்கறவ இங்க இருக்கேன்" என்றேன்.

இன்ஸ்பெக்டர் தொப்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். "எறங்கும்மா கீழ."

"கட்டில்ல கிடக்கற பொம்பளைய எழுப்பலாமா? உங்க வீட்டுல இதான் வழக்கமா?"

எங்கள் வக்கீல் ஹனெக்கே தெருவிலிருந்து கத்தினாள்: "திங்கக்கிழமை கேஸ். அதுவரைக்கும் எறங்கிடாதீங்க. எறங்கினா வீடும் போச்சு, சுவரும் போச்சு." சொந்தக்காரர் அனுப்பிய இரண்டு பேர் சுண்ணாம்பு வாளியோடு கீழேயே காத்திருக்கிறார்கள். நான் கால் ஊன்றினால் சாயங்காலத்துக்குள் கொட்டகை முழுக்க வெள்ளையாகிவிடும். எனக்கும் ஒரு வாளி இருக்கிறது. அது எதற்கு என்று அவர்களுக்குத் தெரியும், அதனால் சற்றுத் தள்ளியே நிற்கிறார்கள்.

உன் முகத்தை அழித்துவிட்டேன். கழுத்துக்கு மேல் வெறும் செங்கல். உன்னைக் கேட்காமல் போனது இது முதல் தடவை இல்லை என்று இப்போது புரிகிறது.

யோஸ் இதைத் தபாலில் போடுவாள்.

காற்றில் ஆடியபடி,
உன் அக்கா


ஆம்ஸ்டர்டாம், தரையில்,
25 மார்ச் 1981

அடியே என் லீஸ்பெத்,

நீ பார்த்ததுதான். ஆனாலும் மேலிருந்து எப்படித் தெரிந்தது என்று சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

சனிக்கிழமை காலை பஸ் நின்றது. முதலில் இறால் மூட்டை இறங்கியது. அதன் பின்னால் நீ, உன் பின்னால் மொத்தக் கொட்டகையும். வார வேலையை விடமாட்டீர்கள், தெரியும். அதைத் தூக்கிக்கொண்டு ஆம்ஸ்டர்டாமுக்கே வருவீர்கள் என்று நினைக்கவில்லை. சுவருக்குக் கீழே வட்டமாக உட்கார்ந்து உரிக்க ஆரம்பித்தீர்கள்.

"இங்க உக்காரக்கூடாது" என்றார் இன்ஸ்பெக்டர்.

"உக்காரலய்யா, வேலை பாக்கறோம். நகம் இருந்தா நீங்களும் வாங்க" என்றாய்.

மத்தியானத்துக்குள் முழங்கால் அளவு ஓடு. காத்திருந்து அலுத்த சுண்ணாம்புக்காரன் ஏணியை எங்கே ஊன்றினாலும் வழுக்கியது. கடைசியில் அவனும் ரொட்டியில் இறால் வைத்துத் தின்றான். யோஸின் கூட்டம் வாசிக்க, எழுபது வயது திருமதி போஸ்மா ஆடினார். பத்திரிகைப் புகைப்படக்காரர்கள் வந்துவிட்டார்கள்.

அப்போதுதான் நீ அண்ணாந்து பார்த்தாய். "அக்கா, நான் எங்க?"

"நீதான வேணாம்ன."

"எல்லாருக்கும் தலை இருக்கு. எனக்கு மட்டும் கழுத்தோட நின்னுபோச்சா? மரியாதையா போடு."

வெளிச்சம் போகும்வரை அசையாமல் உட்கார்ந்தாய். வாய் மட்டும் நிற்கவில்லை. அதனால்தான் படத்தில் வாய் திறந்திருக்கிறது, என்மேல் பழி போடாதே.

திங்கட்கிழமை நீதிபதி சொன்னதை யோஸ் மனப்பாடம் செய்திருக்கிறாள்: குடியிருக்கும் வீட்டுச் சுவருக்குச் சாயம் அடிக்கக் கட்டிலை வெளியே எடுத்தவள் வீட்டை விட்டுப் போனவள் ஆகமாட்டாள். கதவில் அடித்த ஆணியைப் போலீஸே பிடுங்கிக் கொடுத்தது. சுவர் நிற்கும், நீங்கள் பன்னிரண்டு பேரும் இருப்பீர்கள்.

நேற்றுக் கண்காட்சிக்காரர் ஒருவர் வந்து, இதைச் சின்னதாக வரைந்து தரமுடியுமா என்று கேட்டார். முடியாது என்றேன்.

கால் தரையில் நிற்காமல்,
ரென்ஸ்கே


ஹார்லிங்கன்,
30 மார்ச் 1981

அன்பு அக்காவுக்கு,

ஏன் வந்தேன் என்று நீ கேட்கவில்லை, நானே சொல்கிறேன். கழுத்துக்கு மேல் வெறும் செங்கல் என்று எழுதியிருந்தாய். அதைப் படித்த பிறகு அன்று கை ஓடவில்லை. திருமதி போஸ்மாவிடம் காட்டினேன். அவர்தான் முதலில் கையிலிருந்த இறாலை வைத்துவிட்டுக் கிளம்ப எழுந்தார்.

இங்கே பத்திரிகை வந்து சேர்ந்துவிட்டது. நேற்று ஆராதனை முடிந்து வாசலில் எல்லோரும் நிற்கும்போது போதகர் கேட்டார்: "லீஸ்பெத், அந்தச் சுவத்துல இருக்கறது நீங்கன்னு சொல்றாங்களே?"

"என்னைப் போல யாரோ" என்று சொல்வதற்கு வாரம் முழுக்கப் பாடம் பண்ணி வைத்திருந்தேன். கெரித் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆமா, நான்தான்" என்றேன்.

திரும்பி நடக்கும்போது பாதி வழியில் கெரித் கேட்டார், "எவ்வளவு பெருசா இருக்க?"

"மூணு மாடி" என்றேன்.

வீட்டு வாசல்வரை வந்தார். பிறகு, ஆம்ஸ்டர்டாமுக்கு ஞாயிற்றுக்கிழமை ரயில் உண்டா என்று கேட்டார்.

உன் தங்கை,
லீஸ்பெத்