கேட்டருகே வைத்த வேட்டு

ஆவணி, செவ்வாய்க்கிழமை

கமலாவை மறுபடியும் காது டாக்டரிடம் கூட்டிப்போனேன். மூன்று வாரத்துக்கு முன் எதிர்வீட்டுச் சாவுக்கு எங்கள் கேட்டை ஒட்டி வேட்டுப் போட்டார்கள். கொடியில் துணி எடுக்கப் போன கமலாவின் உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை. இரண்டு காதிலும்தான் ரத்தம் வந்தது.

"வெடிச்சதும் காத்து சுவர் மாதிரி வந்து அடிக்கும். முதல்ல கிழியுறது செவிப்பறைதான். அது மூடிக்கிட்டு வருது. ஆனா உள் நரம்பும் அடிபட்டிருக்கு. அது எம்புட்டுத் திரும்பும்னு சொல்ல முடியாது" என்றார் டாக்டர்.

நான் கல்லூரியில் இயற்பியல் நடத்தியவன். அந்த அழுத்த அலையைப் பலகையில் எத்தனையோ முறை வரைந்திருக்கிறேன். அன்று வேட்டை அங்கே வைப்பதை ஜன்னலில் நின்று பார்த்தேன். கொஞ்சம் தள்ளி வைக்கச் சொல்லியிருக்கலாம். துக்க வீட்டாரிடம் எப்படிச் சொல்வது என்று தயங்கினேன். அதற்குள் பற்றவைத்துவிட்டார்கள்.

என் குரல் எப்போதும் தணிந்ததுதான். நாற்பது வருடமாக அந்தக் குரலுக்கே அடுப்படியிலிருந்து "இந்தா வாரேன்" என்று பதில் வரும். இன்று சாயங்காலம் நாலு தடவை கூப்பிட்டுவிட்டு, கிட்டப் போய்த் தோளைத் தொட்டேன்.

"வாயத் தொறந்து கூப்பிட்டா முத்தா உதிர்ந்துரும்?" என்று சிரித்தாள். தெருவுக்கே கேட்டிருக்கும்.

கத்தினால் அவளுக்குக் கேட்கிறது. ஆனால் நான் மெல்லக் கூப்பிட்டதும் அந்த "இந்தா வாரேன்" வர வேண்டும். ஒரே ஒரு தடவை போதும்.

நான் பார்த்துக்கொண்டு நின்றதை அவளிடம் இன்னும் சொல்லவில்லை. இனி அதையும் கத்தித்தான் சொல்ல வேண்டும்.