‘பார்க்கலாம்’ என்றால் என்ன?

மார்ச் 4

என்னங்க,

நான் நலம். நீங்களும் உங்கள் லாரிகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். சட்டையைக் கிரீஸ் படாமல் காப்பாற்றியிருந்தால் இன்னும் சந்தோஷம்.

எனக்குக் கோபம் ஆறவில்லை. இந்த ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவுக்கு என்னைச் சூப்பர்வைசராகப் போட்டு ஒரு மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் தலைகுனிய வைத்துவிட்டார் இஸ்திரி அண்ணன். நான் இங்கே துணி மடிக்கிற வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ‘தங்கச்சி’ என்று கூப்பிட்டு, சாப்பாட்டு நேரத்தில் எனக்கு நாற்காலி பிடித்து வைப்பாரே, அதே மனுஷர்தான். மகளை ஹாஸ்டலில் கொண்டுபோய் விட வேண்டும், வியாழக்கிழமை லீவு வேண்டும் என்று கேட்டார். ஆபரேஷன் தியேட்டர் துணி குவிகிற நாள் அது. ‘பாக்கலாம்ணே’ என்று தெளிவாகச் சொன்னேன். ஆள் வரவே இல்லை! டாக்டர்களின் அங்கி நேரத்துக்குப் போய்ச் சேராமல் ஒரு ஆபரேஷன் தள்ளிப்போனது. மேனேஜர் கூப்பிட்டுக் கேட்டார். ‘லீவு இல்லைன்னு சொல்லியும் போயிட்டார் சார்’ என்றேன். அண்ணனுக்கு மெமோ கொடுத்துவிட்டார்கள்.

இப்போது என்னை ‘மேடம்’ என்கிறார். நான் உள்ளே நுழைந்தாலே எல்லோரும் வாயை மூடிக்கொள்கிறார்கள், மெஷின் சத்தம் மட்டும்தான் கேட்கிறது. மாதக் கடைசிக்குள் பிரிவு ஒழுங்குக்கு வராவிட்டால் வேறு ஆளைப் போடுவேன் என்கிறார் மேனேஜர். நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

ஒர்க்‌ஷாப்பை விட்டுவிட்டு இங்கேயே வந்துவிடட்டுமா என்று கேட்டிருந்தீர்கள். பார்க்கலாம்.

உங்கள்
ராங்கி


மார்ச் 9

மேடம் அவர்களின் சமூகத்துக்கு,

உன் கடிதத்தைப் படித்துச் சிரித்ததில் ஸ்பானரைக் காலில் போட்டுக்கொண்டேன். தெளிவாகச் சொன்னாயாம்! கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று நான் கேட்டபோதும் நீ இதே ‘பாக்கலாம்’தான் சொன்னாய். போச்சு, மாட்டேன் என்கிறாள் என்று நான் சோறு தண்ணி இல்லாமல் கிடந்தேன். நீயோ உன் அக்காவிடம் போய் நாள் குறிக்கச் சொல்லிக்கொண்டிருந்தாய்.

அந்த அண்ணன், ‘நம்ம தங்கச்சிதானே’ என்ற தைரியத்தில் போயிருப்பார். லீவு இல்லை என்று நீ அவரிடம் சொல்லவே இல்லையே, மேனேஜரிடம் மட்டும் எப்படிச் சொன்னாய்? என்மேல் கோபித்துக்கொள், ஆனால் யோசி. நானும் பெரிய யோக்கியன் இல்லை. ஒர்க்‌ஷாப்பில் கத்துவதைத் தவிர எனக்கு வேறு பாஷை தெரியாது.

என் கேள்விக்கும் அதே பதில்தான் வந்திருக்கிறது. பரவாயில்லை, புரிந்துகொண்டேன். நீ மேலே போகிற நேரத்தில் இந்தக் கிரீஸ் கை எதற்கு? இங்கே ஒரு கம்பெனி லாரிகளை எல்லாம் ஜூன் வரை பழுது பார்த்துத் தருவதாக வாக்குக் கொடுத்துவிட்டேன். குறையாகச் சொல்லவில்லை.

நேரத்துக்குச் சாப்பிடு.

உன் மெக்கானிக்


மார்ச் 20

என்னங்க,

உங்கள் கடிதத்தைக் கிழித்துப் போடத்தான் எடுத்தேன். மனசு வராமல் மடித்து வைத்துவிட்டேன்.

மறுநாள் காலை, மெஷினைப் போடுவதற்கு முன்பு எல்லோரையும் துணி பிரிக்கிற மேஜையைச் சுற்றி நிற்கவைத்தேன். ‘நான் பாக்கலாம்னு சொன்னா உங்களுக்கு என்ன அர்த்தம்?’ என்று கேட்டேன். துணி பிரிக்கிற அக்கா, ‘கிடைக்கும், ஆனா லேட்டாகும்’ என்றார். வண்டி தள்ளுகிற நெட்டையன், ‘கிடைக்காது, திரும்பக் கேக்காதேன்னு அர்த்தம்’ என்றான். மடிக்கிற பெண், ‘நீங்க மறந்துட்டீங்கன்னு அர்த்தம்க்கா’ என்றாள். ஒரே சிரிப்பு. எனக்கு முகம் சுருங்கிப்போனது. இஸ்திரி அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. ‘தங்கச்சி பாத்துக்கும்னு அர்த்தம், மேடம்’ என்றார்.

நேராக மேனேஜர் அறைக்குப் போனேன். ‘லீவு இல்லைன்னு நான் அவர்கிட்ட சொல்லவே இல்ல சார். தப்பு என்மேல. மெமோவை என் பேருக்கு மாத்துங்க’ என்றேன். அவரும் மறுபேச்சு இல்லாமல் மாற்றிக் கொடுத்துவிட்டார்! அதை அண்ணனிடம் நானே கொண்டுபோய்க் காட்டினேன்.

இப்போது எங்கள் பிரிவில் ‘பாக்கலாம்’ கிடையாது. முடியும் அல்லது முடியாது. இரண்டும் தெரியாவிட்டால் என்றைக்குப் பதில் என்று சொல்லியாக வேண்டும். நெட்டையனிடம் முதல் ‘முடியாது’ சொன்னபோது சண்டைக்கு வருவான் என்று நினைத்தேன். அவன் ‘சரிக்கா’ என்று சொல்லிவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டான். இவ்வளவுதானா என்று இருந்தது. அண்ணன் இன்னும் ‘மேடம்’தான், ஆனால் நேற்று சாப்பாட்டு நேரத்தில் எனக்கு நாற்காலி இருந்தது. வேறு ஆள் என்ற பேச்சை மேனேஜர் எடுக்கவில்லை. எடுத்தாலும் நான் அசையப்போவதில்லை.

உங்களுக்கு நான் எழுதிய ‘பார்க்கலாம்’ முடியாது என்பது இல்லை. வாங்க என்று அர்த்தம். எனக்காக ஒர்க்‌ஷாப்பை மூடுங்கள் என்று கேட்கத்தான் வாய் வரவில்லை. எனக்கு அந்தக் கிரீஸ் கைதான் வேண்டும். வருவீர்களா, மாட்டீர்களா?

உங்கள்
ராங்கி


மார்ச் 26

ராங்கி,

இப்போது வர முடியாது.

உனக்கு ‘முடியாது’ என்று நான் எழுதுவது இதுதான் முதல் தடவை. வண்டிகளைப் பிரித்துப் போட்டாகிவிட்டது, வாக்குக் கொடுத்தது கொடுத்ததுதான். என்ன சொல்ல வந்தாய் என்று உன்னிடம் ஒரு வார்த்தை திருப்பிக் கேட்டிருக்கலாம். கேட்காமல் தலையாட்டிவிட்டு, அந்த அண்ணனைப் பற்றி உனக்குப் பாடம் எடுத்தேன். எனக்கு வெட்கமாக இருக்கிறது.

ஜூன் கடைசி ஞாயிறு காலை ரயிலில் வருகிறேன். ஸ்பானர் பெட்டியும் கூட வருகிறது, அதனால் திரும்பிப் போகிற பேச்சு இல்லை. ஸ்டேஷனுக்கு வருவாயா?

உன் மெக்கானிக்


மார்ச் 31

என்னங்க,

‘முடியாது’ என்று படித்ததும் அழுதேன். கொஞ்ச நேரம்தான். அதற்குப் பிறகு உங்கள் மனசில் என்ன இருக்கும் என்று நான் கணக்குப் போட்டுக்கொண்டிருக்க வேண்டியிருக்கவில்லை. நன்றாகத் தூங்கினேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு வேலை நாள். பிரிவைப் பார்த்துக்கொள்ள முடியுமா என்று இஸ்திரி அண்ணனிடம் கேட்டேன். ‘பாக்கலாம் தங்கச்சி’ என்றார். நான் அப்படியே நின்றேன். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. ‘முடியும், முடியும்’ என்றார்.

வருவேன்.

உங்கள்
ராங்கி