மஞ்சள் சீத்தை

டிக்கோயா
14.10.1957

அன்புள்ள கமறியாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நான் சுகம். நீயும் மகள் செரீபாவும் சுகந்தானே? இங்கே மழை விட்டபாடில்லை.

தீபாவளி நெருங்குவதால் துணிக்கடையில் மூச்சுவிட நேரமில்லை. நேற்றுத் தேயிலைத் தோட்டத்துப் பெண்ணொருத்தி மகளுக்குப் பாவாடைத் துணி எடுக்க வந்தாள். பிள்ளை மஞ்சள் சீத்தைத் துணியைத் தொட்டுப் பார்த்தது. வியாபாரி வாய் சும்மா இருக்குமா? "கறுத்த புள்ளைக்கு மஞ்சள் எடுப்பா இருக்காது" என்று சொல்லிவிட்டேன். பிள்ளை கையை இழுத்துக்கொண்டது. தாய் கோபப்படவில்லை; அண்ணனிடம் சொல்வதுபோல், "புடிச்சதச் சொல்ல இப்பதான் பழகுறா, நானா. அவளே சொல்லட்டுங்க" என்றாள். வெகுநேரம் கழித்து, பிள்ளை மஞ்சளையே கேட்டது. ஒரு சாண் கூட்டியே கிழித்துக் கொடுத்தேன்.

அப்போதிருந்து எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. பெருநாளைக்கு நான் ஊருக்கு வந்தபோது நம் மகளிடமும் இதையே சொல்லி, அவள் கையிலிருந்த மஞ்சள் துணியை வாங்கி வைத்தேனே. அன்று அவள் அழாமல் இருந்தது இப்போதுதான் உறுத்துகிறது.

குளிருக்கு என் பழைய கம்பளிச் சட்டையை அனுப்பு. எலுமிச்சை ஊறுகாயும் கொஞ்சம். நான் துணி எதுவும் அனுப்பவில்லை. எந்த நிறம் வேண்டுமென்று செரீபாவே எழுதட்டும். நீ பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுக்காதே. தபால் பையைக் கட்டப்போகிறார்கள். என்னோடு பேசப் பிடிக்காவிட்டால், அவள் நிறத்தின் பேரை மட்டும் எழுதினாலும் போதும்.

நஸார்