குன்னூரில் நீங்கள் தோற்ற ஆட்டம்

பி.எஃப். ஆபீசில் உங்கள் பழைய தாள்களைக் கேட்டார்கள் என்று இன்று காலை டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். தேயிலைத் தூள் வாசனை குப்பென்று வந்தது. அடியில் நீங்கள் கடைசியாக வேலை பார்த்த எஸ்டேட்டின் வேலை உத்தரவு கிடந்தது. அதை மாலை போட்ட உங்கள் படத்துக்கு முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

தேயிலை விலை விழுந்து நம் ஃபேக்டரியை மூடிய வருஷம். மாதக் கடைசிக்குள் குவார்ட்டர்ஸைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். ஃபேக்டரியில் தூள் பக்குவம் பார்க்கும் டீமேக்கர் வேலைக்கு நீங்கள் மனுப் போட்டிருந்த எஸ்டேட்டின் மேனேஜரே, குன்னூர் செஸ் போட்டியின் கடைசிச் சுற்றில் உங்களுக்கு எதிரே வந்து உட்கார்ந்தார்.

அவர் ராஜாவின் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளினார். நீங்கள் வழக்கம்போல ஒரே கட்டம். அந்தத் தற்காப்பு ஆட்டத்துக்குப் பிரெஞ்சு டிஃபென்ஸ் என்று பெயர் சொல்வீர்கள். மழை நாட்களில் என்னோடு ஆடும்போதும் அதேதான். "நாம அடக்கமா உக்காந்திருந்தாப் போதும் புள்ள. அவசரத்துல அவங்களே எடம் விடுவாங்க" என்பீர்கள். அவரும் அப்படியே இடம் விட்டுத் தோற்கும் நிலைக்கு வந்தார். அந்தக் குளிரிலும் அவர் நெற்றி வேர்த்தது. சுற்றி நின்றவர்கள் ரசித்தார்கள். நான் மட்டும் மாரியம்மனிடம் நீங்கள் தோற்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருந்தேன்.

நடுவில் டீ குடிக்க வெளியே வந்தீர்கள்.

"ஏனுங்க, தோத்துப்போயிருங்க. ஜெயிச்சா அந்தத் தொரை வேலை குடுப்பாராங்க?"

"ஆட்டத்துல அப்படிப் பண்ணக்கூடாது புள்ள."

"பாப்பாவைக் கூட்டிட்டு எங்கீங்க போறது?"

நீங்கள் டம்ளரைக் கொடுத்துவிட்டு உள்ளே போனீர்கள். கொஞ்ச நேரத்தில் ராணியைக் கொண்டுபோய் அவருடைய குதிரை வெட்டும் கட்டத்தில் வைத்தீர்கள். அவர் வெட்டினார், நீங்கள் தோற்றீர்கள். வீடு திரும்பும் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "குதிரையக் கவனிக்கல" என்றீர்கள்.

செவ்வாய்க்கிழமை உத்தரவு கைக்கு வந்தது. என் புத்தியை நானே மெச்சிக்கொண்டேன்.

இன்றுதான் தேதியைப் பார்த்தேன். மேனேஜர் கையெழுத்துப் போட்டது வெள்ளிக்கிழமை. ஆட்டம் நடந்தது அதற்கு அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை. வேலை ஏற்கெனவே உங்களுக்குத்தான் என்று ஆகியிருந்தது. அந்தத் தேதிக்குக் கீழேயே, செவ்வாய்க்கிழமை பெற்றுக்கொண்டதாக உங்கள் கையெழுத்து. படிக்காமல் கையெழுத்துப் போடுகிற ஆளா நீங்கள்?

அதற்குப் பிறகு எத்தனை வருஷம், சண்டை வரும்போதெல்லாம் "நான் சொன்னதாலதான உங்களுக்கு வேலை கெடச்சுது" என்று சொல்லிக் காட்டினேன். ஒரு தடவைகூட நீங்கள் இந்தத் தாளை எடுத்து நீட்டவில்லை. "ஆமா புள்ள, உன்னாலதான்" என்பீர்கள். நானும் நம்பி நிம்மதியாகத் தூங்கினேன். இனி எப்படித் தூங்குவது, சொல்லுங்கள்.