ஏழாவது கேப்டன்

அன்பு மகளே,

"எனக்குப் பிடிச்ச கேப்டனை ஏம்மா எல்லாரும் திட்டுறாங்க?" என்று ஒன்பது வயதில் கேட்டாய். இப்போது பதில் சொல்கிறேன். புது ஆசிரியை வந்தால் வகுப்பு ஒரு மாதம் முகத்தைத் தூக்கி வைத்திருக்கும். அவர் விடைபெறும் நாளில் அழும். டிவியில் வரும் அந்த விண்வெளித் தொடரில் கேப்டனாக நடிப்பவர் மாறும்போதெல்லாம் ரசிகர்களும் அப்படித்தான். என்ன, அவர்கள் மனம் மாற இருபது ஆண்டுகள் ஆகின்றன.

வளர்ந்த பிறகு, டெர்பி நகர ரசிகர் சங்கத்தில் நீ உனக்குப் பிடித்த அந்த ஏழாவது கேப்டனுக்காகப் பரிந்து பேசியதும், அப்பா எல்லார் முன்னாலும் உன்னைக் கேலி செய்ததும், நீ பையை எடுத்துக்கொண்டு வெளியேறியதும், அதோடு அவரிடம் பேச்சை நிறுத்தியதும்... அதை விடு.

போன வாரம் அதே சங்கத்தில் அப்பா எழுந்து, "இருக்கறதிலேயே ஏழாவது ஆள்தான் நல்லா நடிச்சவன்" என்றார்.

"இத்தனை வருஷமா திட்டினது யாருய்யா கிளைவ், உன் ஆவியா?" என்று அப்பாவைக் கேட்டார் அவர் நண்பர் டெஸ்மண்ட். எல்லாரும் சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை.

"என் பொண்ணு அப்பவே சொன்னா. நான்தான் கேக்கல."

வீடு திரும்பும்போது, "அதை அவகிட்டயே சொல்லேன்" என்றேன்.

"நான் கூப்பிட்டா அவ எடுப்பாளா?"

இப்போதெல்லாம் மாடிப்படி ஏறவே அவருக்கு மூச்சு வாங்குகிறது. சனிக்கிழமை, தொடர் முடிந்ததும் கூப்பிடுவார். போனை எடு.

உன் அம்மா